இரண்டு இரும்பு முக்காலிகள்

"அந்தத் தாளை எடுக்காதீங்க, நான் இன்னும் படிக்கல."

என் கணவர் பேசிலிடம் நான் கடைசியாகச் சொன்ன வாக்கியம் இது.

காருக்கு அடியில் விரித்துப் படுக்க அவருக்குப் பழைய பேப்பர் வேண்டியிருந்தது. மேசையிலிருந்த வார மலரை அப்படியே அள்ளினார். நான் அதிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவிக்கொண்டேன். "எனக்குப் பந்து விளையாட்டுப் பக்கம் போதும், அதுல படுத்தா முதுகு வலிக்காது" என்று சிரித்துவிட்டு, வாசலில் கார் நிற்கும் போர்ச்சுக்குப் போனார். சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும்.

சென்ற வாரம் வரை இந்தத் தொடரைப் படித்து வந்தவர்களுக்கு மீதி தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கிள்ளானில், வரிசை வீடுகளில் நான்காவது. பேசில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தார். இருபது வயதான புரோட்டோன் வீரா காரை இரண்டாவது பிள்ளை போல் வைத்திருந்தார். எங்களுக்கு இருந்ததோ ஒரே பிள்ளை, செரீனா. வளைவில் திரும்பும்போது காரின் பின்பக்கம் ஆடுகிறது என்று ஒரு பார் வாங்கினார். கைநீளத்துக்கு ஓர் அலுமினியக் கம்பி. காரின் அடியில், இரண்டு பின்சக்கரங்களின் சஸ்பென்ஷனையும் குறுக்கே பிணைத்து வைக்கும். இரண்டு பக்கமும் போல்ட். ஒரு மணி நேர வேலை என்றார்.

கார் அடியில் போகுமுன் அதை ஜேக்கால் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் உட்கார வைக்க வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பக் கூடாது. இது அவருக்குத் தெரியும். ஊருக்கே சொல்பவர் அவர். ஆனால் அந்த ஸ்டாண்டுகளை அவர் தம்பி கென்னத் இரண்டு வாரத்துக்கு முன் சுங்கை பூலோவுக்கு எடுத்துப் போயிருந்தான். அவை இல்லாமலே பேசில் உள்ளே போனார். ஒரு பக்க போல்ட்டை மாட்டினார். மறுபக்கம் போவதற்குள் ஜேக் டைல்ஸில் வழுக்கியது.

அவர் உடல் எங்கள் ஹாலில் கிடந்தபோது கென்னத் சொன்னான், வெள்ளிக்கிழமை மத்தியானமே ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து, வீடு பூட்டியிருந்ததால் கேட் கம்பிக்குள் கையை விட்டு, காலணி வைக்கும் சப்பாத்து ரேக் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன் என்று. பேசிலின் அக்கா சாந்தமேரி அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "எங்க இருக்கு, காட்டு. பொணத்து முன்னாடி பொய் பேசாத. வெளிய போ."

அவன் போனான்.

அவன் பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில், அக்கம்பக்கத்துக் கோயில் குடும்பங்கள் கூடும் அன்பிய ஜெபக்கூட்டம். இருபது பிளாஸ்டிக் நாற்காலி போர்ச்சில் போட வேண்டும். சப்பாத்து ரேக் பக்கத்தில் கிரீஸ் படிந்த இரண்டு மூன்றுகால் இரும்புகள் கிடந்தன. பேசில்தான் வழக்கம்போல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, பழைய துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பின்பக்க ஸ்டோரில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் காலை அவர் "கென்னத் வந்தானா?" என்று கேட்டார். "வரலையே" என்றேன். எனக்குத் தெரிந்த வரையில் அது உண்மை.

கென்னத் "சப்பாத்து ரேக்" என்று சொன்ன நொடியில்தான் எனக்குப் புரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம். நாற்பதாம் நாள் பூசைக்குள் சொல்லாமலிருப்பது பழகிவிட்டது.

இப்போது ஓராண்டு நினைவு நாளுக்கு வருகிறேன்.

அதையும் சனிக்கிழமையிலேயே வைத்திருந்தோம். மாலை ஆறு மணிக்குத் திருப்பலி. முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேநீர், அதற்குமுன் குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை. பேச வேண்டியவள் நான். சாந்தமேரி அக்கா பிரிக்பீல்ட்ஸிலிருந்து மூன்று மணிக்கு வருவதாக இருந்தது.

காலை ஒன்பதரைக்கு ஒரு வெள்ளை வேன் வாசலில் நின்றது. குளிரூட்டும் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேன். கென்னத் இறங்கினான். ஒரு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"அண்ணி, செரீனா வரச் சொல்லுச்சு."

எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். செரீனா ஏற்கெனவே காரின் மேல் கிடந்த கித்தானைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பழைய தொழிற்சாலைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"நான்தான் கூப்பிட்டேன்மா. அடுத்த மாசம் செலாயாங் ஆஸ்பத்திரி லேப்ல வேலை ஆரம்பிக்குது. ஷிப்டுக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. கார் வேணும்."

"வர்க்ஷாப்ல விடலாமே."

"பார் ஒரு பக்கம் தொங்குது. அப்படியே ஓட்ட முடியாது. அப்பா பாதியில விட்டதை யாரோ எவனோ முடிக்க வேணாம்."

"இன்னைக்கா செரீனா?"

"இன்னைக்குத்தான்."

அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவள் அப்பாவைப் போல் குரல் தாழ்ந்துவிடும். தாழ்ந்திருந்தது.

கென்னத் இன்னும் கேட்டுக்கு வெளியே. "அண்ணி, நீங்க வேணாம்னா நான் போயிடறேன். அக்கா வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன்."

"உள்ள வா கென்னத்" என்றேன். நான் மணமாகி வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. வேறு எப்படிக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை.

வேனின் பின்கதவைத் திறந்து அவன் சாமான்களை இறக்கினான். ஜேக். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டைகள். தடித்த பலகை இரண்டு. கடைசியாக ஓர் அட்டைப்பெட்டி. பிரிக்காத பெட்டி. அதிலிருந்து இரண்டு புது ஸ்டாண்டுகளை வெளியே எடுத்தான். சிவப்பு நிறம் பளபளத்தது. யாரையும் பார்க்காமல் அவற்றின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தான்.

நான் ஸ்டோர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

எதிர்வீட்டுச் சபாபதி அங்கிள் தண்ணீர்க் குழாயோடு வெளியே வந்தார். போன வருடம் இந்தக் காரை வெறுங்கையால் தூக்கிய நான்கு பேரில் அவர் ஒருவர்.  ஒரே செம்பருத்தித் தொட்டிக்கு அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றினார்.

கென்னத் ஒவ்வொன்றாகச் செய்தான். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. ஹேண்ட்பிரேக். டைல்ஸ் மேல் பலகை. "ஸ்டாண்டு வழுக்கக் கூடாது, அதுக்குத்தான்" என்றான், யாரும் கேட்காமலே. ஜேக்கின் நீள இரும்புக் கைப்பிடியை மெதுவாக அழுத்த அழுத்தக் காரின் பின்பக்கம் எழுந்தது. எழும்போது ஒரு முனகல் கேட்டது. செரீனா என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

ஸ்டாண்டுகளை வைத்து, காரை அவற்றின் மேல் இறக்கி, ஜேக்கையும் லேசாகத் தொட்டபடி விட்டான். இன்னொரு பாதுகாப்புக்கு ஸ்பேர் டயரைக் கழற்றிக் காரின் அடியில் தள்ளினான். பிறகு எழுந்து, காரின் பின்பக்கப் பூட் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து, முழுப் பலத்தோடு காரைக் குலுக்கினான்.

"டேய்!" என்று கத்திவிட்டேன்.

"ஆடுதான்னு பாக்கணும் அண்ணி. யாரும் அடியில போறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாக்கணும்." இன்னொரு முறை குலுக்கினான். கார் அசையவில்லை. எதிரே சபாபதி அங்கிள் குழாயை மூடினார்.

"நான் போறேன் உள்ள" என்றாள் செரீனா.

"நீ ஸ்பேனர் எடுத்துக் குடு. அது போதும்."

கென்னத் அட்டையை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"பதினேழு."

செரீனா ஒன்றைக் கொடுத்தாள்.

"இது பதினாலு. நம்பர் போட்டிருக்குல்ல? லேப்ல இப்படித்தான் ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் பேர்ல எழுதுவியா?"

"அங்க வெளிச்சம் இருக்கு சித்தப்பா. இங்க உங்க தொப்பை மறைக்குது."

அவன் சிரித்தான். ஒரு வருடம் கழித்து எங்கள் போர்ச்சில் ஒரு சிரிப்பு. நான் உள்ளே போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தேன். தட்டைப் படியில் வைத்தேன்.

இடதுபக்கம் பேசில் மாட்டியது அப்படியே இருந்தது. வலதுபக்கம்தான் சிக்கல். பாரின் நுனியைத் துளைக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, போல்ட்டை நுழைக்க ஒரு கை, முடுக்க இன்னொரு கை வேண்டும். கென்னத் மூன்று முறை முயன்றான். மூன்று முறையும் பார் நழுவிக் கீழே இறங்கியது.

"தனியா முடியாது இது" என்றான். பிறகு, குரல் மாறி, "அண்ணன் தனியாத்தான் பண்ணிக்கிட்டிருந்தாரு" என்றான்.

செரீனா கேட்கவில்லை, சொல்லவில்லை. தரையில் படுத்து மறுபக்கத்திலிருந்து உள்ளே நகர்ந்துவிட்டாள்.

"செரீனா!"

"பிடிச்சுக்கிட்டேன்மா. ஒண்ணும் ஆகாது."

இப்போது இரண்டு ஜோடிக் கால்கள் வெளியே தெரிந்தன. எனக்கு இருக்கும் ஒரே பிள்ளையின் கால்களும், என் கணவரின் ஒரே தம்பியின் கால்களும். நிமிர்ந்து நின்றிருந்தது நான் ஒருத்திதான். ஜேக்கின் பக்கத்தில் நின்றேன். தொட்டால் என்ன ஆகுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் மேல. மேல. அங்கதான். அசையாத."

"கை வலிக்குது சித்தப்பா."

"ரெண்டு மரை ஏறட்டும். ஏறிடுச்சு. இப்போ விடலாம். லேசா மட்டும் முடுக்கு. கடைசி முறுக்கு வண்டி கீழ இறங்கி அதோட சொந்த எடையில நிக்கும்போதுதான். தொங்கிக்கிட்டிருக்கும்போது இறுக்குனா உள்ள இருக்கிற ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிடும்."

ஸ்பேனர் முடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடியிலிருந்து செரீனாவின் குரல் வந்தது. கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு அப்பாகிட்ட இந்த மாதிரி ரெண்டு இருந்திருந்தா போதும்ல?"

ஸ்பேனர் நின்றது.

"ம்."

"ரெண்டு வாரம் வச்சிருந்தீங்க. கொஞ்சம் முன்னாடி கொண்டாந்து குடுத்திருக்கலாம் லா. நான் சண்டை போடல. சும்மா கேக்கறேன்."

அவன் ரேக் பக்கத்தில் வைத்தேன் என்று மறுபடி சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"ஆமாம்மா. குடுத்திருக்கணும்."

அவ்வளவுதான். அவனும் விட்டுவிட்டான். ஒரு வருடம் எல்லாரும் சேர்ந்து சொன்னதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்.

நான் உள்ளே நடந்தேன். ஹாலைக் கடந்து, சமையலறையைக் கடந்து, ஸ்டோரின் கதவைத் திறந்தேன். துக்க வருடம் என்று கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கவில்லை. அதனால் யாரும் அந்தப் பெட்டியை நகர்த்தவில்லை. இல்லை, முழுதாகச் சொல்கிறேன்: அடக்கத்துக்கு மறுநாள் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்து, இரும்புகள் தெரியாதபடி மறைத்து வைத்தவளும் நான்தான். பெட்டியைத் தள்ளினேன். இரண்டையும் வெறுங்கையால் தூக்கினேன். போன வருடம் தூக்கியதைவிடக் கனத்தன.

போர்ச்சுக்கு வந்து, காரின் பக்கத்தில், அவர்கள் தலை இருக்கும் இடத்துக்கு நேராகத் தரையில் வைத்தேன். டைல்ஸில் டங்கென்று சத்தம் வந்தது.

அடியிலிருந்து பார்த்தால் ஆறு இரும்புக் கால்கள் தெரிந்திருக்கும். ஒரு ஸ்டாண்டின் கழுத்தில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. ஏர்கோன் குழாய்க்குச் சுற்றும் டேப்.

"அண்ணி" என்றான் கென்னத்.

"என்ன சித்தப்பா? என்ன அது?"

"செரீனா, வெளிய வா."

"இன்னும் ஒரு நட்..."

"முதல்ல வெளிய வான்னு சொல்றேன்ல!"

அவள் நகர்ந்து வெளியே வந்து முழுதாக எழுந்து நிற்கும் வரை அவன் வரவில்லை. பிறகு வந்தான். எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து அந்த வெள்ளை டேப்பை விரலால் தொட்டான்.

"இது நான் சுத்துனது. உயரத்தைப் பூட்டுற பின் ஆடுதுன்னு சுத்துனேன்."

நான் சொன்னேன். ஜெபக்கூட்டம், நாற்காலிகள், பழைய துணி, குடில் பெட்டி. எதையும் விடவில்லை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வருடமாக அது எவ்வளவு பெரிது என்று நினைத்திருந்தேன்.

செரீனா லேபில் ரிப்போர்ட் எழுதப் பழகியவள். அதே போல் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அடக்கத்தன்னைக்கு."

"அன்னைக்கு எப்போ?"

"சித்தப்பா 'சப்பாத்து ரேக் பக்கத்துல வச்சேன்'னு சொன்னப்போ."

"அத்தை இவரை வெளிய போன்னு சொன்னாங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

நான் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. தேநீர்த் தட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"முன்னாடி."

அவள் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகத் தரையில் வைத்தாள். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கென்னத்துக்குக் கோபம் வர நேரமானது. வந்தபோது சத்தமில்லாமல் வந்தது.

"அண்ணி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தெரியுமா? கொண்டாந்தேனா, கொண்டாரலையான்னு. வேன்ல தேடியிருக்கேன். வீட்டு மேல் ரேக்ல ஏறித் தேடியிருக்கேன். என் பொண்டாட்டி டாக்டரைப் பாக்கலாமான்னு கேட்டா. நான் வச்சது என் கையில இன்னும் இருக்கு, அந்தக் கேட் கம்பியோட சூடு. ஆனா எல்லாரும் இல்லைன்னா நான் என்ன பண்றது?"

"கென்னத்..."

"இருங்க. அன்னைக்குக் காலையில ஒம்பது அம்பத்திரண்டுக்கு அண்ணன் எனக்குப் போன் பண்ணாரு. நான் ஏணியில நின்னேன். எடுக்கல. எடுத்திருந்தா 'கேட்டுக்குள்ள பாருண்ணே'ன்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் அக்கா திட்டினப்போ நான் போனேன். அதனாலதான் ஒரு வருஷம் வாயைத் திறக்கல. என் பங்கு எனக்குத் தெரியும். ஆனா உங்க பங்கையும் நான்தானே தூக்கிட்டிருந்தேன்?"

 அப்போது என் கைபேசி அடித்தது. சாந்தமேரி அக்கா. என் விரல்களெல்லாம் கிரீஸ். ஸ்பீக்கரில் போட்டுச் சப்பாத்து ரேக் மேல் வைத்தேன்.

"எவலின், நான் சென்ட்ரல்ல நிக்கிறேன். ரயிலு வழக்கம்போல லேட்டு. கேக்குக்குச் சொல்லிட்டியா? முட்டை இல்லாதது ஒண்ணு சொல்லு, பவுனம்மாள் வருது, அது விரதம்..."

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"வந்து கேக்கறேன்."

"இல்ல, இப்பவே கேளுங்க. கென்னத் ஸ்டாண்டைத் திருப்பிக் கொண்டாந்து வச்சிருக்கான். அன்னைக்கு அவன் சொன்னது உண்மை. நான்தான் எடுத்து ஸ்டோர்ல வச்சேன். தெரியாம வச்சேன். தெரிஞ்சப்புறம் மறைச்சேன்."

மறுமுனையில் ரயில் அறிவிப்பு மலாயில் ஓடியது. அது முடிந்ததும் அக்கா கேட்டார். 

"யார் யாருக்குத் தெரியும்?"

"அக்கா?"

"யார்கிட்ட சொன்ன? செரீனாகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. அதோட நிறுத்து. இங்க பாரு எவலின், நான் சொல்றதைக் கேளு. செரீனாவுக்கு நாளைக்குக் கல்யாணம் பேசணும். அம்மாக்காரி கையாலதான் அப்பன் போனான்னு ஒருத்தி ஆரம்பிச்சா கிள்ளான்லருந்து ஈப்போ வரைக்கும் போகும். கென்னத் ஆம்பள. ஒரு வருஷம் தாங்கிட்டான், இன்னும் தாங்குவான் லா. நான் அவனை மெதுவா வீட்டுக்குக் கூப்பிட்டுக்கறேன். இன்னைக்குச் சாயங்காலம் நீ நன்றி மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

நான் கென்னத்தைப் பார்த்தேன். அவன் ரேக் மேலிருந்த கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து அதன் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, நான்தான் பேசறேன்."

"...நீ அங்க என்ன பண்ற?"

"பார் மாட்டிக்கிட்டிருக்கேன்."

"எந்தப் பாரு?"

"அண்ணன் வாங்கின பாரு. இன்னும் ஒரு நட்டு பாக்கி."

இணைப்பு அறுந்தது. ரயில் வந்துவிட்டதா, அக்கா வைத்துவிட்டாரா, தெரியவில்லை.

எதிர்வீட்டில் சபாபதி அங்கிள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் கேட்டிருக்கும்.

"சித்தப்பா, நீங்க போங்க" என்றாள் செரீனா. "இந்த வீட்டுக்கு நீங்க இதுவரைக்கும் பண்ணது போதும்."

"வண்டியைத் தூக்கி வச்சிட்டுப் போக மாட்டேன்" என்றான் கென்னத். "யாராவது தெரியாம கிட்ட வருவாங்க."

மறுபடியும் படுத்தான். இந்த முறை செரீனாவை உள்ளே விடவில்லை. கடைசி நட்டைக் கையால் ஏற்றினான். ஸ்பேர் டயரை இழுத்தான். ஜேக்கை ஏற்றி, ஸ்டாண்டுகளை எடுத்து, காரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். நான்கு சக்கரமும் தரையைத் தொட்டதும் நான் படியில் உட்கார்ந்தேன். அவன் பூட் மூடியை நான்கைந்து முறை அழுத்தி அழுத்தி விட்டான். பிறகு காரின் பின்னால் வயிறு பதியப் படுத்து, கையை மட்டும் அடியில் நீட்டி, நீண்ட ஸ்பேனரால் கடைசி முறுக்கு. இடது, வலது. கழுத்து நரம்பு புடைத்தது. கேட்கக் கூடாதென்று இருந்தேன், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"இறுகிடுச்சா?"

"இறுகிடுச்சு அண்ணி."

பேட்டரி செத்திருந்தது. வேனிலிருந்து ஒயர் போட்டான். மூன்றாவது முயற்சியில் இஞ்சின் பிடித்தது. கருப்புப் புகை ஒரு தடவை கக்கிவிட்டு, பிறகு சீராக ஓடியது. செரீனா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். வெளியே எடுக்கவில்லை. அணைத்துவிட்டு இறங்கினாள்.

கென்னத் முன்குழாயில் கை கழுவினான். சோப்பு போட்டும் நகத்தடியில் கருப்பு போகவில்லை. புது ஸ்டாண்டுகளை வேனில் ஏற்றினான். பழையவற்றை நான் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டான்.

"ஆறு மணிக்கு வர்றியா கென்னத்?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க, அண்ணி?"

"நடந்ததை."

"அக்கா முன்னாடியா?"

"எல்லார் முன்னாடியும்."

அவன் நம்பினானா என்று முகத்தில் தெரியவில்லை. நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரு வருடத்துக்கு முன் அவன் சொன்னதை எல்லாரையும் நான் நம்பவைத்திருக்கலாம்.

"பின்வரிசையில நிக்கறேன்" என்றான்.

செரீனா உள்ளே போய்க் குளித்து, வெள்ளைப் பாவாடை சட்டையோடு வந்தாள். கைப்பை தோளில்.

"நான் சித்தப்பா வேன்ல போறேன். அவங்க வீட்டுல இருந்துட்டுக் கோயிலுக்கு வரேன். நீங்க அத்தைகூட வாங்க."

"செரீனா, ஒரு நிமிஷம்."

"அம்மா, இப்ப வேணாம். பேசினா நான் என்ன சொல்வேன்னு எனக்கே தெரியல."

கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். விரல் படாமல் வைத்தாள். வேன் திரும்பி முச்சந்தியில் மறையும் வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணி இரண்டே முக்கால். கேக் எடுக்கப் போகவில்லை. புடவை மாற்றவில்லை. மாலையில் பேச வேண்டியதை எழுதலாம் என்று தாளும் பேனாவும் எடுத்தேன். "அன்புள்ள உறவினர்களே" என்பதற்கு மேல் போகவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் போர்ச்சுக்கு வந்து, காரின் ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

வெளியே ஒரு கிராப் டாக்சி வந்து நின்றது. கதவு அடிக்கும் சத்தம். கேட்டின் தாழ்ப்பாளை யாரோ ஆட்டினார்கள்.

"எவலின்! கேட்டைத் திற. எவலின், அந்தக் கென்னத்து போயிட்டானா?"

நான் உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு நேரே வேகமானி முள் பூஜ்யத்தில் நின்றது. அதற்குக் கீழே, சின்னக் கட்டங்களில், கார் இதுவரை ஓடிய தூரம் இருந்தது. இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து எண்ணூற்று ஆறு கிலோமீட்டர். போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை பேசில் வேலையிலிருந்து வந்து நிறுத்தியபோது இருந்த எண் அது. காரை இன்று தூக்கினோம், இறக்கினோம், இஞ்சினை ஓட்டினோம். எண் மாறவில்லை.